கம்பி வேலித் தோட்டத்துக்கு மறைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டுபவர்களில் பலர், மதில் எழுப்பும் செலவுக்குத் தயங்கி, கல்தூண் நட்டுக் கம்பி வலை கட்டிவிடுகிறார்கள். ஆடு மாடு உள்ளே வராது, எல்லை தெளிவாகத் தெரியும், காற்றும் தாராளமாக வரும். குடிவந்த சில மாதங்களில்தான் உறுத்தல் தொடங்குகிறது. துணி காயப்போடுவது, குழந்தை மண்ணில் விளையாடுவது, மாலையில் நாற்காலி போட்டு உட்காருவது என எல்லாமே தெருவுக்குத் தெரிகிறது. கோவைப் பக்கத்தில் இப்படிப்பட்ட தோட்டங்களோடு நெடுநாள் பழகியதால், என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வேலி முழுவதையும் மறைக்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் மறைக்க வேண்டிய நீளம் மொத்த வேலியில் கால் பங்குகூட வராது. முதலில், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரைத் தெருவில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். அவர் முகம் எங்கெல்லாம் உங்களுக்குத் தெரிகிறதோ, அங்கெல்லாம் வேலியில் ஒரு துணித்துண்டைக் கட்டச் சொல்லுங்கள். துணி துவைக்கும் கல், குளியலறைக் கதவு, சமையலறைப் பின்வாசல் ஆகிய இடங்களிலிருந்தும் இதையே செய்யுங்கள். கடைசியில் துணித்துண்டுகள் இரண்டு மூன்று இடங்களில் கொத்தாகத் தொங்கும். மறைப்பு தேவைப்படுவது அங்கேதான்.

மற்ற இடங்களைத் திறந்தே விடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காற்றும் காலை வெயிலும் செடிக்கு வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகவும் ஓர் இடம் வேண்டும்.

எவ்வளவு உயரம் தேவை?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய 4 அடி. நிற்பவரின் கண்மட்டம் 5 அடி. நம் ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்கள் வீட்டு மனையைவிட ஓரடி, இரண்டடி உயர்ந்துவிட்டன. வேலி கட்டியபோது 6 அடியாக இருந்தது, தெருவில் நடப்பவருக்கு இன்று 4 அடிதான்.

ஓர் எடுத்துக்காட்டு. வேலியிலிருந்து 20 அடி உள்ளே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலிக்கு 5 அடி வெளியே ஒருவர் நடக்கிறார். சாலை 2 அடி உயரம் என்றால், அவர் கண் உங்கள் தரைமட்டத்திலிருந்து 7 அடியில் இருக்கும். அவர் கண்ணையும் உங்கள் கண்ணையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு வேலியை 6.4 அடி உயரத்தில் கடக்கும். அதாவது 6 அடி வேலியை உச்சி வரை மூடினாலும் அவருக்கு நீங்கள் தெரிவீர்கள்.

இப்போது மறைப்பை வேலியில் வைக்காமல், நீங்கள் உட்காரும் இடத்துக்கு 5 அடி முன்னால் வைத்துப் பாருங்கள். அதே கோடு அங்கே 4.6 அடியில்தான் போகிறது. கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டாலும் 5 அடிச் செடிவரிசை ஒன்று போதும். வேலியை 8 அடிக்கு உயர்த்தச் செலவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மறைப்பு நமக்கு அருகில் வர வர அதன் உயரமும் நீளமும் குறைந்துகொண்டே போகும்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து தெரிகிறது. அதற்கு வேலியில் என்ன செய்யலாம்?

வேலியில் எதுவும் செய்ய முடியாது. தலைக்கு மேல் ஒரு பந்தல் போடுங்கள். நான்கு கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, அவரையோ திராட்சையோ ஏற்றிவிட்டால் மாடிப் பார்வை நின்றுவிடும். மரம்தான் வேண்டும் என்றால் கொய்யா நல்லது. கைக்கு எட்டும் உயரத்தில் கிளை பரப்பும், கவாத்துக்கும் அடங்கும். முருங்கை வேகமாக வளர்ந்தாலும் அதன் இலை மறைப்புக்குப் போதாது.

பச்சை நிழல்வலையை வாங்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்ததா?

ஒரே நாளில் மறைப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதிகமான வேலிகள் சாய்வதும் இதனால்தான். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

வெறும் கம்பி வலையின் ஊடே காற்று தடையில்லாமல் போய்விடுகிறது. அதனால் கல்தூணுக்கு வலையின் எடையைத் தாங்குவது தவிர வேறு வேலை இல்லை. அதன் மேல் அடர்த்தியான துணியையோ ஷீட்டையோ கட்டிய மறுநிமிடம் வேலி ஒரு பாய்மரமாகிவிடுகிறது. காற்றின் அழுத்தத்தை, விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். கட்டடப் பொறியாளர்கள் பின்பற்றும் இந்தியத் தரநிலை 875-இன் மூன்றாம் பகுதி சொல்லும் முறை இது. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் விநாடிக்கு 20 மீட்டர். அப்போது சதுர மீட்டருக்கு 240 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 24 கிலோ அழுத்தம். இரண்டு தூண்களுக்கு நடுவே 8 அடி அகலம், 6 அடி உயரம் முழுவதுமாக மூடப்பட்டிருந்தால், அந்த ஓர் இடைவெளியின் மீது மட்டும் 100 கிலோவுக்கு மேல் விசை விழும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஒன்றரை அடி ஆழத்தில் நட்ட கல்தூண் இதைத் தாங்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஊரைப் பொறுத்தும் இது மாறும். அதே தரநிலை கோவைக்கும் மதுரைக்கும் விநாடிக்கு 39 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாகக் கொள்கிறது. திருச்சிக்கு 47, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. கடலோரத்தில் 2016 டிசம்பரில் வர்தா புயலையும் 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்மாவட்டத்துக்காரர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வீசும் ஆனி, ஆடிக் காற்றும், ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பக்கத்துக் காற்றும் புயல்போல ஒரே நாளில் வந்து போவதில்லை. வாரக்கணக்கில் இரவும் பகலும் வேலியை அசைத்துக்கொண்டே இருக்கும். தூணின் அடிமண் தளர்வது அந்த அசைவில்தான்.

ஆகவே 90 சதவீத வலையைத் தவிருங்கள். 50 சதவீதம் போதும், மிஞ்சினால் 75. அந்த எண் வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கும் என்பதைக் குறிக்கிறது. பார்வையை மறைப்பது வேறு கணக்கு. பகலில் 50 சதவீத வலைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியும், முகம் தெளிவாகத் தெரியாது. பலருக்கு அவ்வளவு மறைப்பே போதுமானது. பாதிக் காற்றை ஊடே விடும் வலை செடிகளுக்கும் நல்லது. முழுத் தடுப்பு வைத்தால் காற்று அதன் மேலேறிக் குதித்து, உள்பக்கம் சுழன்று வாழையிலையைக் கிழித்துவிடும்.

வலையை எப்படிக் கட்டினால் கிழியாமல் நிற்கும்?

ஓரத்தை அப்படியே கட்டாதீர்கள். இரண்டங்குலம் மடித்து, மடிப்புக்குள் ஒரு கட்டுக்கம்பியைக் கோத்து, அந்தக் கம்பியைத்தான் வேலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இழுப்பு முழுவதும் கம்பிக்குப் போய்விடும், வலையில் துளை பெரிதாகாது. அடிக்கு ஒரு கட்டு. வெள்ளை நிற நைலான் பட்டைகள் நம் வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும். கறுப்பு நிறத்தில் வெயில் தாங்கும் வகை கிடைக்கும், அல்லது பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைப் பயன்படுத்துங்கள்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் வலை இருக்க வேண்டும். அப்போது காற்று வலையைக் கம்பியோடு அழுத்தும். மறுபக்கத்தில் கட்டினால் ஒவ்வொரு வீச்சுக்கும் வலை கம்பியிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும், முழுப் பாரமும் அந்தச் சின்னக் கட்டுகளின் மேல் விழும். கீழே தரையிலிருந்து அரை அடி விட்டுவிடுங்கள். சருகு சேராது, மழைநீர் தேங்காது.

மூலைத் தூண்களுக்குச் சாய்வுத் தாங்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வலையை வாங்கப் போங்கள். தாங்கல் இல்லை என்றால் முதல் செலவு அதற்குத்தான். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

பகலில் நன்றாக மறைக்கிறது, இரவில் எல்லாமே வெளியே தெரிகிறது. ஏன்?

வெளிச்சம் இருக்கும் பக்கம் இருட்டில் நிற்பவருக்குத் தெரியும். இரவில் உங்கள் பக்கம் விளக்கு எரிகிறது, தெரு இருட்டாக இருக்கிறது. விளக்கை உங்களுக்குப் பின்னால் வைக்காமல், வேலியோரத்தில் தாழ்வாக, உள்பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். பெரும் பகுதி சரியாகிவிடும்.

கம்பி வேலியில் எந்தக் கொடியை ஏற்றலாம்?

என்னைக் கேட்டால், ஏற்கெனவே கம்பி வலை இருப்பவர்களுக்குக் கொடிதான் முதல் தெரிவு. வலையே பந்தலாகிவிடுகிறது, புதிதாக எதையும் நட வேண்டியதில்லை.

விரைவாக மூட வேண்டும் என்றால் சங்குப்பூ. விதையை ஓர் இரவு ஊறவைத்து, வேலியடியில் அரையடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் தோள் உயரத்துக்கு ஏறிவிடும், எடையும் குறைவு. நாளாக நாளாக அடிப்பகுதியில் இலை குறைந்து தண்டு மட்டும் தெரியும். அப்போது முட்டி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு உதிர்ந்த விதையில் முளைத்ததை விட்டுவைத்தாலும் சரி.

மறைப்போடு கறிக்கும் ஆக வேண்டும் என்றால் கோவைக்காய்க் கொடியை மிஞ்ச ஒன்றில்லை. காய்க்கும் கொடியிலிருந்து பென்சில் பருமனில் தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதை போட்டு வளர்த்தால் எது வரும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் தண்டு. மண்ணுக்குள் கிழங்கு வைத்துவிட்ட கொடி கோடையில் வாடியதுபோல் நின்றாலும் முதல் மழையில் துளிர்த்துவிடும். ஐந்து மூலை கொண்ட அதன் இலை கம்பியின் கண்ணுக்குக் கண் நெருக்கமாகப் படர்வதைப் பார்த்தால், வலையின் கண் அளவுக்கே அளந்து செய்த இலையோ என்று தோன்றும். வாரம் ஒருமுறை காய் பறிக்காமல் விட்டால் பழுத்துச் சிவக்கும். குயிலும் கிளியும் மைனாவும் வந்துவிடும்.

கொடிப்பசலை தண்ணீர் கேட்கும். பாத்திரம் கழுவிய நீர் போகும் ஓரமாக இருந்தால் அடர்த்தியாக வரும். முடக்கத்தான் தானாக முளைத்துத் தானாகக் காய்ந்து மறுபடி முளைக்கும். மறைப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப முடியாது. அவரையை ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் பச்சைச் சுவர்போல நிற்கும். அந்தக் குளிரில் அசுவினிப் பூச்சி கட்டாயம் வரும் என்பதை எதிர்பார்த்திருங்கள். நுனித் தளிரில் கறுப்பாக அப்பியிருந்தால், அந்த நுனியைக் கிள்ளி எறிவதே எளிய வழி.

பூவுக்கு முல்லை, சாதிமல்லி. நிழல் விழும் பக்கத்துக்கு மணி பிளாண்ட். மேலிருந்து திரைபோல் தொங்கவிட வேண்டும் என்றால் நர்சரிகளில் கர்ட்டன் கிரீப்பர் என்று கேளுங்கள். மாடி விளிம்பிலிருந்து நீண்டு தொங்கும் பச்சை இழைகளாக நகரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பூவுக்காக யாரும் அதை வளர்ப்பதில்லை, மறைப்புக்கு நல்லது.

காகிதப்பூவும் ரங்கூன் மல்லியும் அழகாக இருக்கின்றனவே?

அழகுதான், தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆனால் மூன்று வருடத்தில் அவற்றின் தண்டு கைப்பிடி கனத்துக்கு வந்துவிடும். வலையின் கண்களுக்குள் நுழைந்து பெருத்தபின் வலையை வெட்டாமல் எடுக்க முடியாது. மழையில் நனைந்த ரங்கூன் மல்லிப் புதரின் எடை 6 அடி வேலியைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். கட்டாயம் வேண்டும் என்றால், வேலிக்கு ஓரடி உள்ளே இரும்பு ஆங்கிளில் தனிச் சட்டம் நட்டு அதில் ஏற்றுங்கள்.

கம்பியே தெரியாதபடி உயிர்வேலி வைக்க முடியுமா? எந்தச் செடி?

முடியும். அதுதான் நெடுங்காலத்துக்கு நிற்கும். ஆனால் வயலுக்கு நல்ல வேலிச்செடி வீட்டு மறைப்புக்கும் நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிகளைப் பார்த்திருப்பீர்கள். முள்ளும் கிளையும் பின்னி, மாடு தாண்ட முடியாத வேலி அது. போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், மழை குறைந்தாலும் சாகாது. ஆனால் கோடையில் இலையை முழுவதும் உதிர்த்துவிடும். நீங்கள் அதிகம் வெளியே உட்காரும் பங்குனி, சித்திரை மாலைகளில் அங்கே வெறும் குச்சிகள்தான் நிற்கும். கிளைரிசிடியாவும் காட்டாமணக்கும் இப்படித்தான்.

வீட்டு மறைப்புக்கு வருடம் முழுவதும் இலை நிற்கும் செடி வேண்டும். நொச்சி, ஆடாதோடை, மருதாணி, செம்பருத்தி ஆகிய நான்கையும் நான் நம்பிச் சொல்வேன். முதல் இரண்டை ஆடு கடிக்காது என்பதால் தெருவோரத்துக்கு ஏற்றவை. மருதாணியைக் கத்திரிக்கோல் போட்டு எந்த வடிவத்துக்கும் அடக்கலாம். முதிர்ந்த கிளையில் முள்ளும் வரும் என்பதால் பாதுகாப்புக்கும் ஆகும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சித் தொல்லை உண்டு. வாரம் ஒருநாள் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று அடிக்கும் மனைகளுக்குச் சங்கங்குப்பி பொருத்தமானது. மற்றவை கருகும் இடத்திலும் அது பச்சையாக நிற்கும்.

நடும்போது இரண்டு வரிசையாக, எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி நடுங்கள். மருதாணிக்கு ஓரடி முதல் ஒன்றரை அடி இடைவெளி, நொச்சிக்கு இரண்டடி, செம்பருத்திக்கு இரண்டரை அடி. வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். இல்லாவிட்டால் வெளிப்பக்கக் கிளையை வெட்ட ஒவ்வொரு முறையும் அடுத்தவர் மனைக்குள் போக வேண்டிவரும்.

பெரும்பாலானோர் செய்யத் தயங்குவது முதல் வெட்டு. செடி இரண்டடி வளர்ந்ததும் பாதியாக வெட்டிவிட வேண்டும். மனம் வராதுதான். வெட்டாமல் விட்ட செடி மேல்நோக்கியே ஓடி, ஆள் உயரத்தில் குடை விரித்து, அடியில் நாலு தண்டு மட்டும் தெரிய நிற்கும். பார்வை அந்த அடிப்பகுதி வழியாகத்தான் உள்ளே வரும். வெட்டினால் ஒவ்வொரு தண்டும் இரண்டு மூன்றாகப் பிரியும். பிறகு ஒவ்வொரு அடி வளர்ச்சிக்கும் ஒரு வெட்டு. அடி அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வரும்படி வெட்டினால், வெயில் கீழ் இலை வரை போகும், அடிப்பகுதி மொட்டையாகாது.

அதுவரை என்ன செய்வது?

உயிர்வேலி இடுப்பு உயரம் வர ஒரு வருடம், ஆள் உயரம் வர இரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைக்காலத்துக்குத்தான் நிழல்வலை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். வெளியே வேலியில் 50 சதவீத வலை, உள்ளே செடி. வெயில் இளஞ்செடியை வாட்டாமல் வலையே காப்பாற்றும். வலை நைந்துபோகும் சமயத்தில் செடி அதன் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும்.

எந்தச் செடிகளைத் தவிர்க்க வேண்டும்?

கோனோகார்பஸ் முதலாவது. எந்த மண்ணிலும் வேகமாக, பச்சைச் சுவர்போல வளர்கிறது என்று ஒரு காலத்தில் நட்டுத் தள்ளினார்கள். வேர் குழாய்களையும் அடித்தளத்தையும் தேடிப்போவதாலும், மகரந்தம் மூச்சுக்கோளாறு தருவதாகப் புகார்கள் எழுந்ததாலும் 2023-இல் குஜராத் தடை விதித்தது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் தடை உத்தரவு வந்துவிட்டது. இன்னும் எங்காவது விற்றால் வாங்காதீர்கள்.

அரளியும் கொம்புக்கள்ளியும் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெரும் துன்பம். குன்றிமணிக் கொடியும் அப்படியே, அதன் விதை கடிபட்டால் உயிருக்கே ஆபத்து. உன்னிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் கொண்டுவந்து வைத்தால் அவை உங்கள் வேலியோடு நிற்காது, பறவையும் ஆடும் ஊர் முழுக்கப் பரப்பிவிடும். ஆல், அரசு வகைக் கன்றுகள் வேலியடியில் தானாக முளைத்தால், தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் அருகில் வேர் விடுவதற்கு முன் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

ஓலைத் தட்டி, மூங்கில் தட்டி எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தமானவை. முடைந்த தென்னங்கீற்றின் நிழலுக்கு ஈடாக எந்தச் செயற்கைப் பொருளையும் நான் பார்த்ததில்லை. வெயிலில் சூடேறாது, காற்றையும் கொஞ்சம் ஊடே விடும், கிழிந்தால் மண்ணுக்கே போய்விடும்.

யாழ்ப்பாணத்தார் இதை ஒரு முழு முறையாகவே வைத்திருந்தார்கள். பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை முதலியவற்றின் கொம்புகளை வெட்டிக் கதியாலாக நட்டு, அவை துளிர்த்து உயிர்த்தூண்களானபின் அவற்றின் குறுக்கே கிடுகையோ (முடைந்த தென்னங்கீற்று) பனையோலையையோ வைத்துக் கட்டுவார்கள். முற்றம் தெருவுக்குத் தெரியாது. ஓலை உக்கியதும் புதிதாக அடைப்பார்கள். பழைய ஓலை தோட்டத்துக்கு எருவாகும், கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். வேலி அடைக்கும் நாள் வீட்டில் எல்லோருக்கும் வேலை நாள். இன்று அங்கேயும் மதிலும் தகரமும் நிறைய இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் தூண் உயிரோடு நிற்க, மறைப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது என்ற அந்த ஏற்பாடு எந்த ஊருக்கும் பொருந்தும்.

கம்பி வேலியில் கீற்றைக் கட்டுவதானால் அடியில் அரை அடி இடைவெளி விடுங்கள். மண்ணைத் தொட்ட கீற்றில் கரையான் ஏறிவிடும். ஓலை அடுத்த பருவமழைக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூங்கில் தட்டி அதைவிட நாள் தாங்கும். கழிவு எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு, ஆனால் காய்கறிப் பாத்திக்கு அருகில் வேண்டாம், மழையில் வழிந்து மண்ணில் சேரும். ஓலைத் தட்டியைச் சமையலறைப் புகைபோக்கிக்கும் குப்பை எரிக்கும் இடத்துக்கும் தள்ளியே வையுங்கள். தீபாவளி வாரத்தில் வாளியில் தண்ணீரோடு ஓர் ஆள் வெளியே இருக்கட்டும்.

தகரம்? பிளாஸ்டிக் இலைத் தட்டி?

தகரம் காற்றை முழுவதுமாகத் தடுக்கும், மதியத்தில் அருகிலுள்ள செடியைச் சுட்டுவிடும். பிளாஸ்டிக் இலை புதிதில் நன்றாகத்தான் இருக்கும். நம் வெயிலில் வெளுத்து, நொறுங்கி, துகள்களாக மண்ணில் உதிரும். காய்கறி விளையும் மண்ணில் அதைக் கொட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடர்ந்த வேலியில் பாம்பு வருமா?

செடிக்காகப் பாம்பு வருவதில்லை. அடியில் சருகும் செங்கல் குவியலும் எலி வளையும் இருந்தால் வரும். அடியிலிருந்து முக்கால் அடி வரை கிளைகளை ஒதுக்கி, தரை தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீழ்ப் பகுதி பார்வையை மறைக்கத் தேவையும் இல்லை.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் திருட்டுப் பயம் இல்லையா?

உண்டு. உள்ளே குதித்தவனையும் அந்த மறைப்பு மறைத்துவிடும். அதனால்தான் வாசல் பக்கத்தை இடுப்பு உயரத்துக்கு மேல் மூட வேண்டாம் என்கிறேன். நீங்கள் உட்காரும் இடத்தையும் கொல்லைப்புறத்தையும் மறைத்தால் போதும். கதவுப் பக்கம் தெருவுக்குத் தெரியட்டும்.

பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கள் தோட்டத்தைப் பார்க்கிறது. மூடச் சொல்ல உரிமை உண்டா?

பொதுவாக இல்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் நிலவினால் அதை ஏற்கிறது. அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக உங்கள் ஊரில் இருக்கிறது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மனைகளில் இது நடக்காத காரியம். மறைப்பை உங்கள் பக்கத்தில் நீங்களே வைத்துக்கொள்வதுதான் வழி.

அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடம் தடையின்றி 20 ஆண்டுகள் பெற்றுவந்த வெளிச்சமும் காற்றும் அதன் உரிமையாகிவிடும். பழைய வீட்டு ஜன்னலை ஒட்டி உயரமான தடுப்பு எழுப்பினால் அவர்கள் நீதிமன்றம் போக இடமுண்டு. நிலையான மதிலோ உயரமான சட்டமோ எழுப்புவதானால் உள்ளாட்சி அலுவலகத்தில் உயர வரம்பைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேலி யாருடையது என்பதையும் முதலில் உறுதி செய்யுங்கள். புல வரைபடத்தைப் பாருங்கள், ஐயம் இருந்தால் நில அளவரை வைத்து அளந்துகொள்ளுங்கள். அவர்கள் போட்ட வேலி என்றால் ஒரு கட்டுக்கம்பியைக்கூடக் கேட்காமல் கட்டாதீர்கள். உங்கள் வேலியாக இருந்தாலும், வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "எங்கள் அம்மா மாலையில் வெளியே உட்காருகிறார், அந்த இடத்துக்கு மட்டும் கொடி ஏற்றுகிறோம்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சொல்லாமல் ஒரு காலையில் பச்சை வலையைக் கட்டிவிட்டால், உங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். கோவைக்காய் காய்த்தால் இரண்டு பிடி அந்தப் பக்கமும் போகட்டும்.

வாடகை வீடு. மண்ணில் எதுவும் நடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

பெரிய வளர்ப்புப் பைகளில் மண்ணோடு மட்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்பி, வேலியோரம் வரிசையாக வைத்துச் சங்குப்பூவும் கொடிப்பசலையும் ஊன்றுங்கள். பைக்கு இரண்டு கொடிக்கு மேல் வேண்டாம். கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படும். பைகளை வேலியில் வைப்பதைவிட, நீங்கள் உட்காரும் இடத்துக்கு நாலைந்து அடி முன்னால் வைத்து, இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டி ஏற்றினால் ஐந்தாறு பைகளிலேயே மறைப்பு கிடைத்துவிடும். கழிகளைப் பைக்குள்ளேயே ஊன்றுங்கள், தரையில் துளையிட வேண்டியதில்லை. வீடு மாறும்போது கொடியை அடியில் வெட்டிவிட்டு, பையையும் கழியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். சங்குப்பூ விதையை மட்டும் முன்கூட்டியே காயவைத்து எடுத்து வையுங்கள்.